படச்சுருள்களின் ஊர்

புனே நகரைப் பற்றி எழுதப் புகுவோர் சனிவார் வாடாவையும், பார்வதி மலையையும், ஆகாகான் மாளிகையையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவை எல்லாம் காணத் தக்கவையே, ஐயமில்லை. ஆயினும் சென்ற ஆண்டு நாங்கள் மூவர் மும்பையிலிருந்து புனேக்குச் சென்றது கோட்டை பார்ப்பதற்காக அன்று. மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு வைத்தியம் உண்டா என்று கேட்டுவரவே சென்றோம். அப்பயணத்தில் கண்டதும் கேட்டதும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பயன்படக் கூடியவை என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

நமது சங்கத்தில் பொங்கலையொட்டிப் பழைய தமிழ்ப் படம் ஒன்றைத் திரையிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. பிறந்த மண்ணைக் கண்ணால் காணாமலே வளர்ந்துவரும் நம் பிள்ளைகள் தமிழ் பேச்சையும் பாட்டையும் ஒருங்கே கேட்கும் மாலை அது. சென்ற பொங்கலுக்குக் கடையில் வாங்கிய குறுந்தகட்டைப் போட்டோம். திரையில் தோன்றியது என்ன? கதாநாயகியின் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை; சுட்டியும் கொண்டையும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. சற்று நேரம் கழித்து யாரோ ஒரு பொத்தானை அழுத்தவே, தலை திரும்பி வந்தது. ஆனால் எல்லோரும் பூசணிக்காய்போல் பருத்துவிட்டனர். முகங்கள் மெழுகு பூசியவைபோல் வழவழத்தன. பாட்டோ, பாடியவர் குரலா இது என்று ஐயுறும்படி சற்றே கீச்சென்று ஒலித்தது. அரைமணிக்குள் குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே விளையாடச் சென்றுவிட்டனர். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இது நாம் பார்த்த படமே இல்லை" என்று கூறிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மறு ஆண்டு முதல் இந்நிகழ்ச்சியையே விட்டுவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது.

இந்த மனக்கசப்பு ஆறுமுன்னரே இன்னொன்று நேர்ந்தது. சங்க அறையிலிருந்த பழைய பீரோவை ஒழித்தபோது, கணக்கேடுகளுக்கு அடியில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே 16 மில்லிமீட்டர் பிலிம் சுருள். 1963-ஆம் ஆண்டு நம் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளன்று, விளம்பரப் படக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த உறுப்பினர் ஒருவர் இரவல் காமிரா கொண்டு எடுத்தது அது. கெட்டுப்போனது, எறிந்துவிடலாம் என்றார் ஒருவர். சுவரில் ஓட்டிக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டால் போதும் என்றார் மற்றொருவர். அந்தப் பெரியவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அதில் எங்கள் அண்ணன் இருக்கிறான். அவனுடைய புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது."

புனேயில் ராஸ்தா பேட்டையில், பிலிம் கழுவும் கூடங்களில் நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் இருப்பதாக அறிந்தோம். ஒரு சனிக்கிழமை விடியலில் பெரியவரும், கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தியும், நானும் இந்திராயணி விரைவுவண்டியில் ஏறினோம்.

மும்பையிலிருந்து புனே 192 கிலோமீட்டர். கர்ஜத் நிலையத்தில் வண்டி நிற்கும்போது வடா பாவ் விற்போரின் குரலால் உறங்குவோரும் விழித்துக்கொள்வர். அங்கே வண்டியின் பின்புறம் வேறு எஞ்சின்களைப் பூட்டுகின்றனர். மேலே ஏறவேண்டியது போர் கணவாய். 1863-இல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதையில் குகைக்குப் பின் குகையாக இருளும் ஒளியும் மாறி மாறி வரும். "தாத்தா, பிலிம் ஓடுவதுபோல இருக்கிறது" என்றாள் பேத்தி. பெரியவர் சிரித்தார். ஆனால் மடியிலிருந்த பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

புனேயில் இறங்கியதும், சந்திக்கவேண்டியவரைக் காண மாலைவரை பொழுது இருந்தமையால், முதலில் லா காலேஜ் சாலைக்குச் சென்றோம். இருபுறமும் நிழல் மரங்கள் நிறைந்த சாலை அது. இந்தியப் படவுலகின் பழைய வரலாறு இந்த ஒரு சாலையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது அங்கே நடந்து பார்த்தவர்க்கே விளங்கும். 1929-இல் கோல்ஹாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனம் 1933-இல் இவ்வூருக்குக் குடிபெயர்ந்து பெரிய ஸ்டூடியோவை அமைத்தது. 1936-இல் அவர்கள் எடுத்த 'சந்த் துக்காராம்' மறு ஆண்டு வெனிஸ் விழாவில் பாராட்டைப் பெற்றது. தமிழருக்கும் இந்நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு. 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படம் பிரபாத்தார் தயாரித்ததே. பின்னாளில் சங்கீத வித்வானாகவும் ஓவியராகவும் புகழ்பெற்ற எஸ். ராஜம் அதில் இராமனாக நடித்தார். பிரபாத் ஸ்டூடியோ இருந்த அதே வளாகத்தில்தான் 1960-இல் அரசினர் திரைப்படக் கல்லூரி தோன்றியது.

அதே சாலையில் உள்ளது தேசியத் திரைப்படக் காப்பகம். 1964 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அருகில், பழைய புனே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பாரிஸ்டர் எம். ஆர். ஜெயகர் வாழ்ந்த பங்களா இன்றும் அழகு குன்றாமல் நிற்கிறது. இக்காப்பகத்தின் பெயரைச் சொன்னால் பி. கே. நாயர் என்பவரின் பெயரையும் உடன் சொல்லவேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 1991-இல் ஓய்வு பெறும்வரை ஊர் ஊராக அலைந்து ஏறத்தாழ 12,000 படங்களைத் திரட்டினார். பால்கே 1913-இல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய இரண்டு ரீல்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கும், 1933-இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் பிழைத்ததற்கும் காரணம் இக்காப்பகமே. நாயர் 2016-இல் இதே புனே நகரில் காலமானார்.

கிடைத்தவற்றை எண்ணி மகிழும்போதே கிடைக்காதவற்றை எண்ணி நெஞ்சு கனக்கிறது. தமிழ் பேசிய முதல் படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளியாயிற்று. அது எங்கே எடுக்கப்பட்டது? சென்னையில் அன்று, நாம் வாழும் பம்பாயில்! சென்னையில் அக்காலத்தில் பேசும் படம் எடுக்க ஸ்டூடியோ இல்லை. டி. பி. ராஜலட்சுமி இங்கே வந்து நடித்துச் சென்றார். அப்படத்தின் ஓர் அடி பிலிம்கூட இன்று இல்லை. முதல் இந்தியப் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா'வும் அவ்வாறே மறைந்தது. பழைய பிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தால் இனி வருவாய் இல்லை என்று எண்ணியவர்கள் அந்த வெள்ளிக்காகப் பிலிமைக் கழுவ விற்றனர். மிஞ்சியவற்றுள் பல தீக்கு இரையாயின. 1950-ஆம் ஆண்டை ஒட்டிய காலம்வரை படங்கள் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டன. அது பற்றிக்கொண்டால் நீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே உண்டு. 2003 ஜனவரியில் இந்தப் புனேயிலேயே நைட்ரேட் கிடங்கில் நேர்ந்த தீவிபத்தில் 600-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட சுருள்கள் அழிந்தன. பிரபாத்தின் படங்களும் அவற்றுள் இருந்தன. காக்கவென்று கட்டிய இடத்திலும் அழிவு நேரும் என்பதனை அச்சாலையில் நின்று நினைத்துப் பார்ப்பது எளிதன்று.

மாலையில் ராஸ்தா பேட்டைக்குச் சென்றோம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. நாங்கள் தேடிச்சென்ற நண்பர் வாசலிலேயே காத்திருந்து, "வாங்க அண்ணாச்சி" என்று பெரியவரைக் கைகொடுத்து அழைத்துச் சென்றார். காப்பி வந்தது. ஆனால் அவர் கண் பெட்டியின்மேலேயே இருந்தது. தாழ்வாரத்து மேசைமீது வெள்ளைத் துணி விரித்து, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார்.

"பயப்படாதீர்கள், இது எரியும் ஜாதி அல்ல. 16 மில்லிமீட்டர் பிலிமை ஆதியிலிருந்தே அசிடேட்டில்தான் செய்தார்கள். ஆனால் அசிடேட்டுக்கு வேறு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து காடியமிலம் கசியும். கசிந்த அமிலம் மேலும் கசிவைத் தூண்டும். மூடிய டப்பாவுக்குள் அது தன்னைத்தானே தின்கிறது. மும்பைக் காற்றைப்பற்றிச் சொல்லவேண்டுமா?" என்றார்.

சுவரில் ஓட்டலாம் என்று ஒருவர் கூறியதை நான் தெரிவித்தேன். அவர் இரு கைகளாலும் தடுத்தார். நோய்ப்பட்ட பிலிம் சுருங்கிவிடும். ஓரத்துத் துளைகளின் இடைவெளி குறைந்துபோக, புரொஜெக்டரின் பற்கள் அதில் பொருந்தாமல் கிழித்துவிடும். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகும். பற்கள் இல்லாமல், உருளைகளின்மேல் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு படமாக ஒளியில் பதிவு செய்யும் ஸ்கேன் கருவிகள் உள்ளன. அவற்றுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார். பிறகு பேத்திக்கு வெள்ளை நூல்கையுறை ஒன்றைத் தந்து, பிலிமை ஓரங்களில் மட்டும் பிடிப்பது எப்படி என்று காட்டினார். வெளிச் சுற்றுகள் சில ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. உட்சுற்றுகள் பிரிந்தன. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "தாத்தா, செங்கல் கைமாற்றுகிறார்கள். ஒருவர் தலையில் துண்டு கட்டியிருக்கிறார்." பெரியவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கண் மங்கலால் அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, "துண்டு கட்டினால் அவன்தான்" என்றார்.

அன்று இரவுவரை அந்நண்பர் எங்களுக்குப் பலவற்றை விளக்கினார். பழைய படத்தைப் புதுப்பித்தல் என்றால் அழுக்கைத் துடைத்து வெளுப்பாக்குதல் என்றே நான் எண்ணியிருந்தேன். அது பிழை என்று அப்போது அறிந்தேன்.

முதல் வேலை தேடுதல். காமிராவில் ஓடிய மூல நெகடிவே தாய். அதிலிருந்து எடுத்த பிரதி, அப்பிரதியின் பிரதி என்று செல்லச் செல்ல, தலைமுறைதோறும் தெளிவு குறையும். எனவே உலகில் எங்கெங்கு எந்தப் பிரதி உள்ளது என்று கண்டறிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிப் பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்தாரே நம் உ. வே. சாமிநாதையர், அந்த வேலையைப் போன்றதே இதுவும். பிறகே பழுது பார்த்தல், கழுவுதல், ஸ்கேன் செய்தல், கீறலையும் தூசியையும் நீக்குதல், ஒளியும் நிறமும் ஒழுங்கு செய்தல், ஒலியைச் செப்பனிடுதல் என்பன எல்லாம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலிய மூன்று படங்களின் கதையை அவர் சொன்னார். 1993-இல் லண்டனில் ஒரு கூடத்தில் பற்றிய தீயில் அவற்றின் மூல நெகடிவ்கள் கருகின. கருகியவற்றை எறியாமல் அமெரிக்காவில் பத்திரப்படுத்தி வைத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின், இத்தாலியில் பொலோனா நகரத்துக் கூடத்தில், விறைத்துப்போன பிலிமுக்கு ஈரமூட்டி நெகிழ்வித்து, உடைந்த துளைகளைக் கையால் ஒட்டினர். அக்கைவேலைக்கு மட்டும் 1,000 மணி நேரம் அளவுக்குச் சென்றது. மூன்றாம் படமான 'அபுர் சன்சார்' நெகடிவ் மீட்க இயலாத நிலையில் இருந்ததால் வேறு பிரதிகளைக்கொண்டு செய்தனர். 2015-இல் மூன்றும் மீண்டும் உலகின் கண்முன் வந்தன. அவ்வாண்டே வீட்டில் பார்க்கும் புளூ-ரே தகடாகவும் வெளியாயின. கருகியதையே மீட்டனர் என்றால், காடி நெடி வீசும் பெட்டியை எறிவது எத்துணைப் பேதைமை!

நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. நடனக் கலைஞர் உதயசங்கர் 1948-இல் வெளியிட்ட 'கல்பனா' சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் படமாயிற்று. இந்தப் புனேக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக்கொண்டே அது பொலோனாவில் செப்பனிடப்பட்டு 2012-இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அண்மையில் 2024-இல் அதே விழாவுக்குச் சென்ற 'மந்தன்' குஜராத்தின் பால் உழவர் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்து 1976-இல் எடுத்த படம். அதன் நெகடிவ் இருந்தது புனேயில். செப்பனிட்டது சென்னைப் பிரசாத் நிறுவனத்தின் கூடத்திலும் பொலோனாவிலும். சிவேந்திர சிங் துங்கர்பூர் நம் மும்பையில் 2014-இல் நிறுவிய திரைப்பட மரபு அறக்கட்டளை அம்முயற்சியை நடத்தியது. பணமில்லை, கருவியில்லை என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. வேண்டியது பழம்பொருளின்மேல் ஒரு மதிப்பு.

பொங்கல் மாலையில் எங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கும் அன்று விளக்கம் கிடைத்தது. வாசகர்கள் வீட்டிலும் இவை நேர்வதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, சட்டத்தின் வடிவம். பழைய படங்கள் அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற அளவை ஒட்டியவை. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியோ பதினாறுக்கு ஒன்பது. பெட்டி முழுதும் நிரம்பவேண்டும் என்றால் ஒன்று படத்தின் உயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வெட்டவேண்டும். அல்லது பக்கவாட்டில் இழுக்கவேண்டும். முன்னதால் தலை போயிற்று. பின்னதால் உடல் பருத்தது. இருபுறமும் கரும்பட்டை இருந்தால் படம் சரியாக உள்ளது என்று அறிக. அகலத் திரைப் படங்களுக்கு நேர்ந்தது இதன் மறுதலை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. அத்தகைய படத்தைப் பழைய சதுரப் பெட்டி நிரம்பக் காட்டினால் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காணாமற்போகும்.

இரண்டாவது, வேகம். பேசும் படம் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. அம்முறைக்கு ஏற்ப அப்படியே மாற்றிய தகடுகளில் படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓடும். இரண்டரை மணிப் படத்தில் ஆறு நிமிடம் குறையும். குரலின் சுருதியும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறும். பாடியவர் குரலா இது என்று நாங்கள் ஐயுற்றது வீண் ஐயம் அன்று.

மூன்றாவது, புள்ளிகளின் எண்ணிக்கை. முதலில் வந்த வீடியோ குறுந்தகட்டில் ஒரு படத்துக்கு 352-க்கு 288, அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். டி.வி.டி.யில் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். புளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். இன்றைய நாலு-கே தகட்டில் எண்பது லட்சத்துக்கு மேல். ஆயினும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. மங்கிய பிரதியை எத்தனை புள்ளிகளில் பதித்தாலும் மங்கலே மிஞ்சும். ஒரே தகட்டில் மூன்று படங்களைத் திணித்தால் நெருக்கடியில் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

நான்காவது, பலரும் அறியாதது. பிலிமில் தெரியும் நுண்மணல் போன்ற அசைவை அழுக்கென்று எண்ணுகிறோம். அஃது அழுக்கன்று, அந்த வெள்ளித் துகள்களே படத்தின் உடல். கீறலும் தூசியும் பின்னால் வந்தவை, அவற்றை நீக்கலாம். துகளை நீக்கினால் அதனோடு மயிரிழையும், துணியின் நெசவும், முகத்தின் சுருக்கமும் போய்விடும். மெழுகுமுகம் வந்தது இவ்வாறே.

இக்கடைசிச் செய்தியைப் பெரியவர் ஏற்கவில்லை. "என்ன தம்பி, பளிச்சென்று இருந்தால்தானே பார்க்க நன்றாக இருக்கும்?" என்று வாதிட்டார். நண்பர் மறுத்துப் பேசாமல், "உங்கள் படம் வரட்டும் அண்ணாச்சி, அப்போது பாருங்கள்" என்று சொல்லி விடைகொடுத்தார்.

மும்பைக்குத் திரும்பியதும் செயற்குழுவில் செய்தியை வைத்தோம். எதிர்த்தவரும் இசைந்தார், பலர் மனமுவந்து பணம் தந்தனர். சுருளை ஸ்கேன் செய்யும் கூடம் ஒன்றில் ஒப்படைத்தோம். 400 அடிச் சுருள். முழுமையாக இருந்தால் பதினொரு நிமிடம் ஓடக்கூடியது. வெளிச்சுற்றுகள் பிரிய மறுத்துவிட்டன. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மீண்டது. அடிக்கல் நாட்டிய காட்சி போயிற்று. செங்கல் கைமாற்றியதும், பெண்கள் வடம்போல் நின்று தண்ணீர்க் குடம் தந்ததும், பந்தியில் இலை போட்டதும் பிழைத்தன.

கூடத்தார் இரண்டு மாதிரிகளைக் காட்டினர். ஒன்று கீறலை மட்டும் நீக்கியது. மற்றொன்று துகளையும் நீக்கிப் பளபளப்பாக்கியது. பெரியவர் பளபளப்பானதையே முதலில் பார்க்க விரும்பினார். தலையில் துண்டு கட்டிய இளைஞர் செங்கல்லை ஏந்தியவாறு காமிராவை நோக்கித் திரும்பிச் சிரித்தார். பெரியவர் முகம் மலரவில்லை. "சாடை இருக்கிறது, ஆனால் அவன் இல்லை" என்றார். பிறகு மற்றதை ஓட்டினர். அதே திருப்பம், அதே சிரிப்பு. கன்னமெங்கும் அம்மைத் தழும்பு. பெரியவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார். "சிறு வயதில் வைசூரி கண்டு பிழைத்தவன். அந்தத் தழும்பைச் சொல்லித்தான் ஊரில் அவனைக் கூப்பிடுவார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் அம்மாவுக்குக்கூட அடையாளம் தெரியாது. இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பேத்தி ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

இந்தப் பொங்கலுக்கு அந்த எட்டு நிமிடத்தை முதலில் காட்டினோம். ஒலியில்லாத படம், ஆயினும் அரங்கில் ஒலிக்குக் குறைவில்லை. அது எங்கள் ஆத்தா, இது எங்கள் மாமா என்று திரைக்கு விரல் நீட்டியவர் பலர். பிள்ளைகள் எழுந்து போகவில்லை. அதன்பின் முழுநீளப் படம் ஒன்றையும், இருபுறமும் கரும்பட்டையுடன், சரியான வடிவில், சரியான வேகத்தில் காட்டினோம். நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்ற பேச்சு அத்துடன் நின்றது.

நம் குடும்பங்களில் எத்தனையோ பெட்டிகள் பரண்மேல் கிடக்கும். திருமணத்து வீடியோ நாடா, எட்டு மில்லிமீட்டர் சுருள், கண்ணாடி நெகடிவ் என ஏதேனும் இருக்கலாம். அருள்கூர்ந்து எறியாதீர்கள், வீட்டில் ஓட்டிப் பார்க்கவும் துணியாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காடி நெடி வீசுவதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் பெட்டியில் வையுங்கள். பெட்டியின்மேல் ஆண்டும் ஊரும் அதிலுள்ளோர் பெயரும் எழுதுங்கள். பெயர் அறிந்தோர் இருக்கும்போதே எழுதுங்கள். ஸ்கேன் செய்தபின்னும் மூலச் சுருளைக் கைவிடாதீர்கள். பிரதியில் பிழை நேர்ந்தால் திரும்பிச் சென்று பார்க்க அஃது ஒன்றே உள்ளது.

எங்கள் சுருள் இப்போது புதிய பெட்டியில் உள்ளது. மூடியின்மேல் பேத்தி தமிழில் பெயர்களை எழுதி ஒட்டியிருக்கிறாள். முதற் பெயர் பெரியவரின் அண்ணனுடையது.